குளுவாங் நிலையத்தில் மூன்று வரக்காப்பி

அப்பா எதையும் மிச்சம் வைக்க மாட்டார். சாப்பிட்டு எழுந்தால் தட்டில் கறிவேப்பிலையும் எலும்பும்தான் கிடக்கும். அந்தப் பழக்கம்தான் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்களை வம்பில் மாட்டிவிட்டது.

அன்று சனிக்கிழமை. அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்ததும் அவரையும் அம்மாவையும் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்கு அழைத்துப் போனேன். எனக்கு வேலை சிங்கப்பூரில். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கடற்பாலம் கடந்து போய், இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவேன். பெற்றோரோடு உட்கார்ந்து பேசக் கிடைப்பது சனி, ஞாயிறு மட்டும். குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, மெல்லிய பாட்டு என்று இருந்த ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தோம்.

"உங்களுக்கு என்னப்பா வேணும்?"

"உனக்கு எது பிடிக்குமோ அதையே சொல்லும்மா."

சொன்னேன். கருகிய சீனிப்பாகு, மேலே மலைபோல நுரைத்த கிரீம், அதற்கும் மேலே இன்னொரு சுற்றுப் பாகு. ஒரு கோப்பை பதினேழு வெள்ளி. அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்புநீர் இருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் 'காப்பிதானே' என்று தோன்றிவிட்டது. அந்தக் கோப்பைக்குள் காப்பி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

அப்பா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தபோது மானியில் 14-ஐத் தாண்டிய எண் நின்றது. அம்மா என்னைத் திட்டினார். அப்பா மட்டும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"பொண்ணு காசு குடுத்து வாங்கினது. கொட்டவா முடியும்?"

"பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல அப்பா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு நாளைக்கு என்னைக் குளுவாங் கூட்டிட்டுப் போ. நிலையத்துக் கடையில ஒரு வரக்காப்பி குடிக்கணும். அது போதும்."

ரெங்கம் தாண்டி

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை போனோம். காரில் போனால் ஏறக்குறைய நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். ஆனால் அப்பா ரயில்தான் வேண்டும் என்றார். ஜொகூர் பாரு சென்ட்ரலில் ஏறினோம். அப்போது இரட்டைத் தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது. பாதை நெடுகச் செம்மண் மேடும் சிமென்ட் தூண்களும். பழைய டீசல் வண்டி அவற்றுக்கு நடுவே நிதானமாகப் போனது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை ஜொகூர் மாநிலத்தின் குறுக்கே இந்தப் பாதை போட்டு முடித்தது 1909-இல். அதற்கு உழைத்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். பிறகு தண்டவாளம் பழுது பார்த்தவர்களும், கையில் கொடியோடு நின்றவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிலைய அதிபர்களாக உட்கார்ந்தவர்களும் நம்மவர்களே.

அப்பா கையில் அன்றைய நாளிதழ் இருந்தது. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து சீனி கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்திருந்தது. டின்னிலும் போத்தலிலும் அடைத்து விற்பவற்றுக்கு மட்டும்தான் அந்த வரி. கடையில் அப்போதைக்கப்போது கலக்கிக் கொடுப்பதற்குக் கிடையாது. "அப்ப அன்னைக்கு நீ வாங்கிக் குடுத்ததுக்கு வரி இல்ல" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அதே ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குமேல் இனிப்புநீர் உள்ளவர்கள் என்று தெரிந்தது. ஐந்து பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவோடுதான் பயணம் வருவார். எங்கள் வீட்டில் அது அப்பா.

கூலாய், லாயாங் லாயாங், அடுத்து ரெங்கம். பெயர்ப் பலகையைப் பார்த்து அம்மா எப்போதும்போலக் கையைக் கூப்பினார். "ஸ்ரீரங்கத்துக்குப் போக குடுத்து வைக்கல, இந்த ரெங்கமாவது ஆகட்டும்" என்பது அவருடைய பழைய வேடிக்கை. அப்பா சன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். அவர் பிறந்த தோட்டம் இந்தப் பக்கம்தான். 1955-இல் பிறந்தவர். அப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை பால்மரம். இப்போது அந்த இடமெல்லாம் செம்பனை. லயம் இருந்த இடம் எது என்று அவராலேயே காட்ட முடியவில்லை.

"நாலு மணிக்கெல்லாம் உன் பாட்டி அடுப்பு மூட்டிருவாங்க" என்று ஆரம்பித்தார். விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கும். கடைத்தூள் இரண்டு கரண்டி போடுவார்கள். கொதித்து இறக்கி, தூள் அடியில் தங்கியதும் துணியில் வடிகட்டுவார்கள். ஐந்தரைக்குப் பெரட்டு. தண்டல் பேர் கூப்பிடும்போது அங்கே நிற்க வேண்டும், தவறினால் அன்றைய கூலி போச்சு. அதனால் தாத்தா அந்தக் காப்பியை நின்றபடியே குடிப்பார். மீதியைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, பழைய நாளிதழைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். ஒன்பது மணிக்கு அதை நிரைக்குள் எடுத்துக்கொண்டு போவது சிறுவனாக இருந்த அப்பாவின் வேலை. மரத்தடியில் மங்கில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். தாத்தா கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஆறிப்போன காப்பியைக் குடிப்பார்.

"நல்லா இருக்குமாப்பா?"

"என்ன நல்லா இருக்கும்? சோளத்தை வறுத்துக் கலந்த தூளு. ரப்பர் பால் வாடை வேற. பால் வாங்க முடியல, அதனால வரக்காப்பி. ருசி பார்த்துக் குடிச்சவங்க யாரு?"

நான் எதிர்பார்த்தது இந்தப் பதிலை அல்ல. எளிய காப்பியின் பெருமையைப் பற்றி அப்பா ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

மேசையில் மூன்று கோப்பை

குளுவாங் என்ற பெயர் ஒரு வகைப் பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது. மேடையில் இறங்கியதுமே காப்பி வாசனை வந்துவிட்டது. கடை நிலையத்துக்குள்ளேயே இருந்தது. 1938-இலிருந்து நடக்கிறது. ரயில் வரும்வரை காத்திருப்பவர்களுக்காகத் தொடங்கிய கடை. இப்போது ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். பழைய மர மேசைகள். தலைக்குமேல் மின்விசிறி. கரி அடுப்பில் ரொட்டியும் பன்னும் வாட்டி, வெண்ணெயும் காயாவும் தடவிக் கொடுக்கிறார்கள். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் கிண்டிய களி. கொஞ்சமாக நாசி லெமாக் வைத்துக் கட்டிய பொட்டலங்கள் மேசையிலேயே அடுக்கியிருந்தன. கூடவே அரைவேக்காட்டு முட்டை.

இங்கே காப்பி சொல்வதற்கு ஒரு தனிப் பாஷை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு நான் எழுதியே கொடுத்திருக்கிறேன். வெறும் 'கோப்பி' என்றால் சீனி கலந்த கெட்டி டின் பால் போட்டு வரும். 'கோப்பி சி' என்றால் இனிப்புச் சேர்க்காத டின் பால், சீனி தனியாக. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'ஓ' என்பது ஹொக்கியன் சீன மொழியில் கறுப்பு. 'கோசோங்' என்றால் மலாயில் காலி, அதாவது சீனியும் கிடையாது. கெட்டியாக வேண்டுமானால் 'காவ்', தண்ணியாக வேண்டுமானால் 'போ', பனிக்கட்டி போட்டு வேண்டுமானால் 'பெங்'. 'கோப்பி ஓ கோசோங்' என்று சொல்லும் மூன்று சொல்லில் மலாயும் சீனமும் கலந்து கிடக்கின்றன. அதை ஒரு தமிழர் சொன்னால், கேட்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே குரல் கொடுப்பார்.

அப்பா தனக்குக் கோசோங் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அவங்களுக்கும் அதே" என்று சொல்லி முடித்துவிட்டார்.

தடித்த பீங்கான் கோப்பையில் வந்தது. கறுப்பென்றால் அடி தெரியாத கறுப்பு. அப்பா முதல் மிடறைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"எட்டு வயசுல இங்க வந்தேன். சம்பளம் போட்ட மறுநாள். தாத்தா என்னை டவுனுக்குக் கூட்டிட்டு வந்தாரு. இந்தக் கடையிலதான் எனக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாரு. டின் பால் போட்டது. அடியில பால் வெள்ளையா நிக்கும். கலக்காம மேல கசப்பு, கீழ இனிப்புன்னு குடிச்சேன். அப்படி ஒன்ன அதுக்கு முன்னால குடிச்சதே இல்ல."

"அப்ப அன்னைக்குத் தாத்தா என்ன குடிச்சாரு?"

"அவரா? வரக்காப்பி. ரெண்டு பால் காப்பிக்குக் காசு பத்தாது."

அப்பாவின் எட்டு வயதில் டின் பால் போட்ட காப்பிதான் ஆடம்பரம். எனக்குப் பதினேழு வெள்ளிக் கிரீம் காப்பி எப்படியோ, அவருக்கு அது அப்படி. இந்தக் கடையைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம் வரக்காப்பி என்று நான் நினைத்திருந்தேன். அவர் நினைவில் இருந்ததோ பால் காப்பி.

"அப்புறம் எப்பப்பா உங்களுக்கு வரக்காப்பி பிடிச்சுது?"

"டாக்டர் சொன்னப்ப பிடிக்காமத்தான் குடிச்சேன். ஒரு ரெண்டு மாசம். அதுக்கப்புறம்தான் காப்பின்னா என்னன்னு நாக்குக்குத் தெரிஞ்சுது. பாலு போட்டா பாலுதான் தெரியும். சீனி போட்டா சீனிதான் தெரியும். இப்ப டாக்டரே வந்து பால் போட்டுக்கோன்னாலும் வேணாம்பேன்."

கோப்பைக்குள் இருப்பது

இந்தக் காப்பி ஏன் இவ்வளவு கறுப்பு? நம் பழைய காப்பிக்கடைகளுக்கான கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். சீனி உருகிக் கருகிக் கொட்டைமேல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பளபளப்பும் லேசான புகை வாசனையும் அதனால் வருபவை. ஆகவே கோசோங் என்று கேட்டாலும் தூளிலேயே வறுத்த சீனி கொஞ்சம் இருக்கும். கோப்பையில் கரண்டி கரண்டியாகப் போடும் சீனியோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டுக்குத் தூள் வாங்கும்போது பொட்டலத்தின் பின்னால் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். சீனி சேர்க்காமல் வறுத்த தூளும் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம் கொட்டையின் ஜாதி. நவீனக் காப்பிக்கடைகளில் பெரும்பாலும் அராபிகா. அதற்கு மலையும் குளிரும் வேண்டும். மலேசியாவின் தாழ்ந்த, வெப்பமான மண்ணில் நன்றாக வருவது லிபெரிகா. உலகத்துக் காப்பியில் லிபெரிகாவின் பங்கு நூற்றில் இரண்டுகூட இருக்காது என்பார்கள். ஆனால் மலேசியாவில் பயிராவது பெரும்பாலும் அதுதான். அதிலும் ஜொகூர் அதற்குப் பேர்போன இடம். மரம் உயரமாக வளரும். பழமும் பெரிது. கொட்டையின் வாசனையில் பலாப்பழம் ஒளிந்திருக்கும். நம்ப முடியாவிட்டால் சீனி போடாமல் ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள். இப்போது சில நவீனக் கடைகளே 'உள்ளூர் லிபெரிகா' என்று எழுதிவைத்து, நல்ல விலைக்கு விற்கின்றன. அதையும் தப்புச் சொல்ல மாட்டேன். விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால் சந்தோஷம்தான்.

காப்பிக்கும் நமக்கும் உள்ள உறவு அப்பாவின் தோட்டத்தைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்குத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து கண்டிக்குப் போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869-இல் அங்கே காப்பி இலையில் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை வந்தது. இலங்கையிலிருந்த தோட்டக்காரர்களில் சிலர் மலாயாவுக்கு வந்து லிபெரிகா காப்பி நட்டார்கள். ரப்பருக்கு முன்பே மலாயாவின் காப்பித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். 1890-களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் அந்த நிலங்களில் ரப்பர் ஏறியது.

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் காப்பி நுழைந்த கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று எழுதியிருக்கிறார். அங்கே கறந்த பசும்பாலில் கலந்த டிகிரி காப்பி அந்தஸ்தின் அடையாளமானது. இங்கே தோட்டத்து லயத்தில் பாலுக்கே வழியில்லை. காப்பியை நட்டு, பறித்து, சுமந்த கைகளுக்குக் கிடைத்தது சோளம் கலந்த தூள். அதனால்தான் 'எளிய காப்பியே உயர்ந்தது' என்று யாராவது சொல்லும்போது எனக்கு இப்போது ஒரு தயக்கம் வருகிறது. வேறு வழியில்லாமல் குடித்ததையும், எல்லாம் கிடைத்தபின் விரும்பிக் குடிப்பதையும் ஒரே காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"யாரும் கூப்பிடல"

நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அம்மா உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி போடுபவர் நீளமான துணிப்பையில் தூளைக் கொட்டி, உயரமான குவளையிலிருந்து சுடுதண்ணீரை ஊற்றினார். வடிந்ததைத் திரும்பவும் ஊற்றினார். சத்தமில்லாமல், ஒரே தாளத்தில்.

"இதைத்தானே நான் நாப்பது வருஷமா வீட்டுல செய்யறேன்" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "உன் கைக்கு இவன் வரமாட்டான்."

அம்மா சிரிக்கவில்லை. "அதுக்குச் சொல்லல. இன்னொருத்தர் போட்டு, நான் உக்காந்து குடிக்கறது இதுதான் ரெண்டாவது வாட்டி. மொத வாட்டி அன்னைக்கு, பாப்பா கூட்டிட்டுப் போன கடையில."

எனக்கு நம்ப முடியவில்லை. அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டு ஷிப்டு பார்த்தவர். காய்கறிக்கும் கோயிலுக்கும் ஊர் முழுக்கத் தனியாகப் போய் வருபவர். ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்ததில்லையா? யோசித்துப் பார்த்தால் அப்பாவும் அவருடைய நண்பர்களும் மாலையில் காப்பிக்கடையில் இருப்பார்கள். வாங்கி வரச் சொன்னால் பிளாஸ்டிக் பையில் கட்டி, கயிறு போட்டு வரும். அம்மா அதை வீட்டுக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார். நான் சின்ன வயதில் பார்த்த காப்பிக்கடைகள் எல்லாம் ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடங்கள்.

"யாரு உன்னை வரவேணாம்னா?" என்றார் அப்பா. கோபமில்லை, உண்மையான ஆச்சரியம்.

"வேணாம்னு யாரும் சொல்லல. யாரும் கூப்பிடல."

கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை. அம்மாவே தொடர்ந்தார். "எனக்கு அன்னைக்கு அந்தக் கடை பிடிச்சுது. பக்கத்து மேசையில ரெண்டு பொண்ணுங்க தனியா உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. யாரும் திரும்பிப் பார்க்கல. காப்பிதான் ரொம்பத் தித்திப்பு."

நவீனக் காப்பிக்கடைகளைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். அங்கே விற்கும் பானங்களில் பாதி, காப்பி வாசனையுள்ள இனிப்பு. அந்த விலைக்கு ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும். ஆனால் ஒரு பெண் தனியாக ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்ற சுதந்திரத்தை என் தலைமுறைக்குக் கொடுத்ததும் அந்தக் கடைகள்தான். பதினேழு வெள்ளியில் ஒரு பகுதி அந்த நாற்காலிக்கு என்பதை அம்மா சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

அப்பா எழுந்தார். "நீ என்ன குடிக்கற? நீயே சொல்லு" என்றார் அம்மாவிடம்.

அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே கல்லாப் பக்கம் போனார். தவுக்கேயிடம் மலாயில் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கோப்பி சி இருந்தது. சீனி கம்மி. அப்பாவின் கோப்பையைவிட இரண்டு நிறம் வெளுப்பு. "வரக்காப்பி எனக்குப் பிடிக்காது" என்றார். "வீட்டுல உங்களுக்குப் போடும்போது மிச்சத்தைக் குடிச்சுக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

நாற்பது ஆண்டு.

சனிக்கிழமைக் கணக்கு

திரும்பும்போது அம்மா ஒரு காப்பித்தூள் பொட்டலம் வாங்கிக்கொண்டார். குளுவாங்கில் 1966-இலிருந்து தயாராகும், தொலைக்காட்சிப் படம் போட்ட தூள். மலேசியாவில் தொலைக்காட்சி வந்ததே 1963-இல்தான். அன்றைக்கு ஊரிலேயே புதுமையான பொருளின் பெயரைக் காப்பிக்கு வைத்திருக்கிறார்கள். இன்று அதைவிடப் பழைய வாசனையுள்ள பெயர் இல்லை. புதுசு என்று எதைச் சொல்வது என்று வண்டியில் மூவரும் ரெங்கம் வரும்வரை பேசிக்கொண்டு வந்தோம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் எங்களுக்குக் காப்பிக்கடைதான். ஜொகூர் பாருவின் பழைய பகுதியில் சுற்ற இடமா இல்லை? ஜாலான் துருஸ் பக்கம் 1946-இலிருந்து நடக்கும் ஹைனான் உணவுக்கடை இருக்கிறது. பக்கத்து ஜாலான் தான் ஹியோக் நீயில் விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் பழைய பேக்கரி இருக்கிறது. காலையில் போனால் சூடாகக் கிடைக்கும். அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும் ராஜமாரியம்மன் கோயிலுக்கும் போகலாம். மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் விருப்பத்துக்காகக் குளிர்சாதனக் கடைக்கும் போகிறோம். அங்கும் நான் சீனியும் கிரீமும் இல்லாத கறுப்புக் காப்பிதான் கேட்கிறேன். கடைக்காரப் பிள்ளை "வேறெதுவும் சேர்க்க வேண்டாமா?" என்று இரண்டு முறை கேட்பார். அப்பாவுக்கு அங்குள்ள கறுப்புக் காப்பி பிடிக்கவில்லை. "புளிக்குது" என்றார். இந்த முறை சொல்லிவிட்டார். பாதிக் கோப்பையை மிச்சமும் வைத்தார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

குளுவாங் போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்கள் பயணத்துக்குப் பிறகு பாதை இரட்டையாகி மின்ரயிலும் வந்திருக்கிறது. ஆகவே நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காரில் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கத்திலோ ஆயர் ஈத்தாமிலோ இறங்கலாம். ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடைகளும் உண்டு. காலையில் போய்விடுங்கள், வார இறுதியில் வரிசை நீளும். கால் வலு உள்ளவர்கள் முதலில் குனோங் லம்பாக் ஏறி இறங்கிவிட்டுக் காப்பிக்கு வரலாம். இனிப்புநீர் உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் 'கோசோங்' என்ற சொல்லை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

போன சனிக்கிழமையும் போனோம். கடைக்காரர் வழக்கம்போல அப்பாவைப் பார்த்து, "மூணு ஓ கோசோங்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு ஓ கோசோங், ஒரு சி, சீனி கம்மி" என்றார் அம்மா.